கடல்நீரில் தீத்தடுப்பு நச்சைத் தேடக் கிளம்புமுன்: கையடக்க ராமன் கருவிக்கு ஒரு வழிகாட்டி

முதல் எட்டு மாதங்களில் நான் சம்பாதித்தவை: எதற்கும் உதவாத ஒரு கோப்பு நிறைய நிறமாலைகள், நீலமாகிப்போன தங்கக் கூழ்மம், தெர்மாகோலை நச்சு என்று நம்பிக் கொண்டாடிய மூன்று நாட்கள். ஒன்பதாவது மாதத்தில்தான் மற்றவரிடம் காட்டக்கூடிய அளவீடு ஒன்று கிடைத்தது. தவறுகளில் பாதிக்கு மேல், யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நடந்திருக்காதவை. ஆகவே சொல்கிறேன். ராமன் கருவி ஒரு பொருளின்மேல் லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியை நிறமாலையாக வரையும்; அதில் உச்சிகள் எந்த அலையெண்ணில் நிற்கின்றன என்பதுதான் பொருளின் அடையாளம். சர் சி.வி. ராமனின் கதை உங்களுக்குத் தெரியும். நேராக வேலைக்குப் போவோம்.

எங்கள் களம் சென்னைக் கடற்கரை: காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை. நீங்கள் தூத்துக்குடியிலோ கடலூரிலோ இறங்கினாலும் வேலை ஒன்றுதான். அனுமதித் தாள்கள் மட்டும் மாறும்.

1. ஒரே ஒரு பொருளின் பெயரைச் சொல்லுங்கள்

‘தீத்தடுப்பு வேதிப்பொருட்களைக் கண்டறிதல்’ என்று ஆய்வு முன்மொழிவில் எழுதினேன். அது தலைப்பாக இருக்கலாம், வேலைத்திட்டமாக இருக்க முடியாது. தொலைக்காட்சிப் பெட்டி, சோபா நுரை, மின்கம்பி உறை, தெர்மாகோல் பலகை என்று தீப்பிடிக்கக்கூடிய எல்லாவற்றிலும் ஏதோ ஒன்றைச் சேர்க்கிறார்கள். பாலிபுரோமினேற்ற டைஃபீனைல் ஈதர்கள் என்ற ஒரு குடும்பத்தில் மட்டும் 209 உறுப்பினர்கள். கட்டடத் தெர்மாகோலில் நீண்ட காலம் சேர்த்துவந்தது ஹெச்பிசிடி என்ற இன்னொரு புரோமின் சேர்மம். நுரையில் குளோரின் ஏறிய பாஸ்பேட்டுகள். மின்சுற்றுப் பலகைகளில் டெட்ராபுரோமோபிஸ்ஃபீனால் ஏ. இனி இதை டிபிபிபிஏ என்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது டிபிபிபிஏ. சென்னையில் பழைய கணினிப் பலகைகளை உடைத்து உலோகம் பிரிக்கும் பட்டறைகள் இருப்பதால் தேடுவதற்குக் காரணம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. இவற்றைவிட முக்கியமான காரணம், இது தூளாக விற்கிறது. தராசில் நிறுத்து மெத்தனாலில் கரைத்தால் ஒப்பீட்டுக் கரைசல் தயார்: 5.44 மில்லிகிராம், 10 மில்லிலிட்டர், ஒரு மில்லிமோலார்.

ஈதர் குடும்பத்தில் இந்தச் சௌகரியம் இல்லை. நான் அங்கேதான் தொடங்கினேன். ஒப்பீட்டுப் பொருள் ஒரு மில்லிலிட்டர் குப்பியில், வெளிநாட்டிலிருந்து, ஒன்பது வாரம் கழித்து வந்தது. உள்ளே இருந்த கரைப்பான் ஐசோஆக்டேன். அது தண்ணீரோடு சேராது. மங்கலான ராமன் ஒளியைப் பெருக்க நாம் பயன்படுத்தும், தண்ணீரில் மிதக்கும் தங்கக் கூழ்மத்தோடு எப்படிச் சேரும்? டெக்கா வகை (பத்து புரோமின் ஏறிய ஈதர்) பெரும்பாலும் டொலுயீனில் வருகிறது. டொலுயீனுக்கே அலையெண் 1003 அருகில் கொழுத்த உச்சி உண்டு. அதைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. போதாததற்கு, இந்த டெக்கா கடல்நீரில் கரைந்திருப்பதைவிட வண்டல் துகளில் ஒட்டிக்கொண்டே இருக்கும், வெயில் பட்டால் சிதையும். இரண்டாவது ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம்.

2. கருவியைத் தொடுமுன் கணக்குப் போடுங்கள்

கையடக்க ராமன் கருவியைக் கடல்நீரை நோக்கிப் பிடித்தால் நச்சின் பெயர் திரையில் வரும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நிதி வழங்கும் குழுவிலும் இருக்கிறார்கள். வராது.

கடலோரத்தில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது லிட்டருக்குச் சில நானோகிராம், அல்லது அதற்கும் கீழே. தாராளமாக 10 நானோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் நீரிலுள்ள டிபிபிபிஏ முழுவதையும் 100 மைக்ரோலிட்டர் மெத்தனாலுக்குள் கொண்டுவந்தால் 10,000 மடங்கு செறிவு. லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஆகிறது. நான் இத்துடன் கணக்கை முடித்து மகிழ்ந்துவிட்டேன். அளக்கும்போது அந்தச் சாற்றில் 20 மைக்ரோலிட்டரை எடுத்து 200 மைக்ரோலிட்டர் தங்கக் கூழ்மம், 20 மைக்ரோலிட்டர் உப்புக் கரைசல் ஆகியவற்றோடு கலக்கிறோம். 12 மடங்கு நீர்த்துப்போகிறது. ஆக, லேசர் படும் துளியில் மிஞ்சுவது லிட்டருக்கு 8 மைக்ரோகிராம். பிரித்தெடுப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டால் ஆறரை. எங்கள் கருவியில் ஏறத்தாழ அந்த மட்டத்தில்தான் உச்சி இரைச்சலிலிருந்து தலைநீட்டத் தொடங்கியது.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். திறந்த கடலில் மூன்று மைல் தள்ளி எடுத்த நீரில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கால்வாய் வாய், முகத்துவாரம், கழிவுநீர் விழும் இடம் ஆகியவற்றில்தான் இந்த முறைக்கு வேலை. அடுத்தது, இது ஒரு சல்லடை. நாற்பது பாட்டில்களில் எந்த ஆறு பாட்டில், மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் விலையுயர்ந்த நிறைமாலைமானிக்குப் போக வேண்டும் என்று சொல்வது இதன் வேலை. தீர்ப்பு அங்கேதான்.

3. கருவி: உடனே வாங்க வேண்டாம்

விலை சில லட்சத்தில் தொடங்கி இருபது லட்சத்தைத் தாண்டிப் போகும். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆய்வு நிறுவனங்களுக்கு 5 சதவீதம் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது பழைய நினைவில் சொல்லலாம். அந்தச் சலுகை 2022 ஜூலையோடு போய்விட்டது. என் முதல் மதிப்பீடு இதனால் திரும்பி வந்தது. ஒரு மாதம் வீண்.

அரசு நிதி என்பதால் எங்களிடம், ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்தில் அந்தப் பொருள் இருக்கிறதா இல்லையா என்ற அறிக்கை, மூன்று விலைப்புள்ளிகள், தொழில்நுட்பக் குழுவின் கையெழுத்து ஆகியவற்றைக் கேட்டார்கள். நான்கு மாதம் ஒதுக்குங்கள். அதற்குள், ஆய்வுக் கருவிகளைப் பகிர்வதற்கான ஐ-ஸ்டெம் தளத்தில் பதிவு செய்துகொண்டு, பக்கத்து நிறுவனத்தில் ஓய்வாக இருக்கும் கருவியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். விற்பனைப் பிரதிநிதிகள் ஒரு நாள் செயல்விளக்கத்துக்குக் கருவியைக் கொண்டுவருவார்கள். அவர்கள் பையிலுள்ள பாரசிட்டமால் மாத்திரையை அளந்து காட்டிவிட்டுப் போக விடாதீர்கள்; உங்கள் சாற்றை, உங்கள் கூழ்மத்தோடு வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்: லேசர் 785 நானோமீட்டரா? 532 என்றால் முகத்துவாரத்துப் பழுப்பு நீரின் மட்கு அமிலங்கள் ஒளிர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். லேசர் திறனைக் குறைக்க முடியுமா? ஒளிபடும் நேரத்தை நாமே தீர்மானிக்கலாமா? மூல நிறமாலையைக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? மருந்து ஆலைகளுக்காகச் செய்த சில கருவிகள் ‘சரி’, ‘தவறு’ என்று மட்டும்தான் சொல்லும். அது நமக்கு ஆகாது. இன்னொன்று: கருவியின் நினைவகம் எதையும் ‘தெரியாது’ என்று ஒப்புக்கொள்ளத் தயங்கும், இருப்பவற்றில் நெருக்கமான பெயரைச் சொல்லி வைக்கும். அந்தப் பெயரைக் குறிப்பேட்டில் எழுதவே எழுதாதீர்கள்.

எக்ஸ்-கதிர் ஒளிர்தல் துப்பாக்கி ஒன்று எங்கள் துறையில் ஏற்கனவே இருந்தது. பிளாஸ்டிக்கில் புரோமின் இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் சொல்லும் அருமையான கருவி. அதைக் கடல்நீரில் காட்டிப் பார்த்து, புரோமின் எகிறி நிற்பதைக் கண்டு நெஞ்சு படபடத்த அனுபவமும் எனக்கு உண்டு. கடல்நீரில் இயற்கையாகவே லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு இருக்கிறது. நாம் 10 நானோகிராம் நச்சைத் தேடும் அதே லிட்டரில் ஆறரைக் கோடி நானோகிராம் புரோமைடு! கரையொதுங்கிய பிளாஸ்டிக்கைச் சோதிக்க அதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு வேண்டும். இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

4. தாள்கள்

படகில் ஏறும் எல்லோருக்கும் நிறுவன அடையாள அட்டை, ஆதார் நகல். துறைத் தலைவரின் கடிதம் ஒன்று: என்ன எடுக்கிறோம், எங்கே, எந்தத் தேதிகளில், என்ன கருவி என்று. அதைத் தமிழிலும் எழுதி வாங்குங்கள். கடலில் கடலோரக் காவல் போலீசார் நிறுத்திக் கேட்டால், கையில் மாதிரிப் பாட்டில்களோடு ஆங்கிலக் கடிதத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். மீன்பிடித் துறைமுகத்துக்குள் நீர் எடுக்க மீன்வளத் துறை அலுவலகத்திலும், வணிகத் துறைமுக எல்லைக்குள் என்றால் அந்தத் துறைமுக நிர்வாகத்திடமும் முன்கூட்டி எழுத்தில் கேளுங்கள். மூன்று வாரம் பிடிக்கும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காப் பகுதி என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு பாட்டில் நீர்கூட எடுக்கக் கூடாது. அதற்கு மாதங்கள் ஆகும்.

யாரும் எச்சரிக்காத தாள் ஒன்று உண்டு: மெத்தனால். தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது நினைவிருக்கும். விற்பவர் உங்கள் நிறுவனத்தின் உரிம நகலைக் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் ஏற்கனவே உரிமம் இருக்கும். ஆண்டு ஒதுக்கீட்டில் உங்களுக்கு ஒரு லிட்டர் எழுதிக்கொள்ளச் சொல்லி வேதியியல் துறைக் கிடங்குப் பொறுப்பாளரிடம் முதல் வாரமே போய் நில்லுங்கள். பிரித்தெடுப்புக்கு எத்தில் அசிட்டேட் போதும், மெத்தனால் சில மில்லிலிட்டர்தான் தேவை.

5. பாட்டிலும் வாளியும்

ஒரு லிட்டர் பழுப்புநிறக் கண்ணாடிப் பாட்டில்கள், டெஃப்லான் உள்வரி உள்ள மூடிகள். பிளாஸ்டிக் பாட்டில் கூடாது. தேடும் பொருள் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக்கிலிருக்கும் பொருள் நீரில் இறங்கும். பாட்டில்களைச் சோப்பு, குழாய்நீர், மீத்தூய நீர் என்று கழுவி, 450 டிகிரியில் நான்கு மணி நேரம் உலையில் சுட்டு, ஆறியதும் வாயை அலுமினியத் தாளால் மூட வேண்டும். அந்தத் தாளையும் சுடுங்கள். கடையில் வாங்கும் தாளில் உருட்டும்போது பூசிய எண்ணெய் மிச்சம் இருக்கும். அளவுக் குடுவைகளை உலையில் வைக்காதீர்கள், அளவு மாறிவிடும். அவற்றைக் கரைப்பானால் அலசினால் போதும்.

நீர் மொள்ள எவர்சில்வர் வாளி, பருத்திக் கயிறு. நைலான் கயிறு வேண்டாம்.

இனி தெர்மாகோல் கதை. மாதிரிகளைக் குளிரில் கொண்டுவர, துறைமுகத்தில் மீன் அடுக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை நூறு ரூபாய்க்கு வாங்கினேன். மலிவு, எடையில்லை, ஐஸ் அங்கேயே கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு சாற்றில், அளந்த ஐந்து புள்ளிகளில் ஒன்றில், அலையெண் 1001இல் ஊசி போல ஓர் உச்சி. பென்சீன் வளையம் துடிக்கும் இடம்; டிபிபிபிஏயிலும் அந்த வளையங்கள் உண்டு. மூன்று நாள் நான் தரையில் நடக்கவில்லை. நான்காம் நாள் காலை வழக்கமான சரிபார்ப்புக்காகக் கருவியோடு வந்த பாலிஸ்டைரீன் தகட்டை அளந்தபோது, அதே உச்சி, அதே தோள்கள், அதே பக்கத்து மேடுகள். பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். கழுத்தில், மூடியின் மரையில், கடுகில் பாதி அளவு வெள்ளை மணி ஒன்று ஒட்டியிருந்தது. அதன் கூட்டாளிகள் பாட்டில் சுவரை அலசிய எத்தில் அசிட்டேட்டில் கரைந்து சாற்றுக்குள் போய்விட்டன. மெத்தனால் விட்டதும் சாற்றில் இளவெள்ளைப் படலம் தட்டியதைக் குறிப்பேட்டில் நானே எழுதிவைத்திருக்கிறேன். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை.

மூடியுள்ள எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்குங்கள். ஐஸ் போட்டு, சாக்கால் சுற்றினால் மதியம்வரை தாங்கும். தெர்மாகோலில் தீத்தடுப்பானே சேர்ந்திருக்கவும் கூடும். மீன்பண்ணை மிதவைகளிலிருந்து ஹெச்பிசிடி கசிவதைத் தென் கொரியாவில் கண்டிருக்கிறார்கள்.

6. கடலில்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரங்கள் கலங்கி, வடிதாள் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். மழைக்கால மாதிரி ஆய்வுக்குத் தேவைதான், ஆனால் பழகுவதற்கு உகந்த காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகுகள் அப்போதும் போகும். துறைமுகத்துக்குள்ளோ, கட்டிக்கிடக்கும் விசைப்படகுகளில் பழைய பூச்சைச் சுரண்டுவதும் வண்ணம் பூசுவதும் நடந்துகொண்டிருக்கும். அந்த நீரை ‘வழக்கமான’ மாதிரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஃபைபர் படகு ஒரு காலைப்பொழுதுக்கு எங்களிடம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கினார்கள், டீசல் உட்பட. ஐந்து மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் திரும்பிவிடுங்கள். அதன்பின் காற்று எழும்பும்; கை ஆடினால் பாட்டிலில் விழுவது பாதிதான்.

நீர் எடுக்கும் முறை: எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். படகு நீரோட்டத்தை எதிர்த்து நிற்க, முன்முனையிலிருந்து எடுங்கள். கை எட்டுமானால் மூடிய பாட்டிலை முழங்கை ஆழத்துக்கு இறக்கி, உள்ளே திறந்து, உள்ளேயே மூடுங்கள். கடலின் மேற்படலத்தில் எண்ணெய்த்தன்மையுள்ளவை குவிந்திருக்கும். வாளி அதைக் கிழித்துக்கொண்டுதான் போகிறது. அலை இருந்தால் வாளிதான் வழி. எந்த முறை என்று எழுதிவையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

ஊட்டச்சத்து மாதிரி எடுத்துப் பழகியவர்களுக்குக் கை தானாகவே ஒன்று செய்யும்: பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசுவது. இங்கே கூடாது. ஒவ்வொரு அலசலிலும் கொஞ்சம் நச்சு சுவரில் ஒட்டி, கணக்கில் வராத லாபமாகச் சேரும். முதல் பயணத்தில் நான் அலசிக்கொண்டிருந்தபோது படகோட்டி அண்ணன், “நெருப்பில் சுட்டுக் கொண்டுவந்த பாட்டிலை ஏன் தம்பி மறுபடியும் கழுவுகிறீர்கள்?” என்று கேட்டார். அன்றைக்கு ஏதோ விளக்கம் சொன்னேன்.

ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பாட்டில். ஒன்று உங்களுக்கு, ஒன்று பின்னால் உறுதிசெய்ய. ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு வெற்று மாதிரிகள்: மீத்தூய நீர் நிரப்பிய பாட்டில்களைக் கடலுக்குக் கொண்டுபோய், அதே நேரம் திறந்துவைத்து, மூடிக் கொண்டுவர வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க வெற்றை விட்டுவிட்டுப் போகும் ஆசை வரும். போகாதீர்கள். குறிப்பேட்டில் நேரம், ஜிபிஎஸ் புள்ளி, உப்புத்தன்மை, வெப்பநிலை, பிஹெச், பக்கத்தில் நின்ற படகு, மிதந்த எண்ணெய். பால்பாயின்ட் பேனா நனைந்த தாளில் எழுதாது, பென்சில்.

ராமன் கருவியைப் படகில் எடுக்காதீர்கள். கையடக்கம் என்பதன் பயன், கரையில் ஓர் அறை கிடைத்தால் அன்று மாலையே அளக்கலாம் என்பதுதான்.

7. உப்பை விரட்டுவது

ஏழு நாட்களுக்குள் செய்துமுடிக்க வேண்டிய வேலை. அதுவரை நான்கு டிகிரியில், இருட்டில்.

0.7 மைக்ரான் கண்ணாடி இழை வடிதாளில் வடிகட்டுங்கள். அடுத்தது பிஹெச். கடல்நீரின் பிஹெச் 8.1 அளவில், அங்கே டிபிபிபிஏ எதிர்மின்னேற்றத்தோடு இருப்பதால், நீரிலுள்ள கரிமப் பொருட்களைப் பிடித்துவைக்கும் கார்ட்ரிட்ஜில் சரியாகப் பிடிபடாது. அமிலம் விட்டு 3க்குக் கொண்டுவாருங்கள். இந்த ஒரு வரி தெரியாமல் முதல் பத்துப் பாட்டில்களைச் சாக்கடைக்குத் தாரை வார்த்தேன்.

ஹெச்எல்பி வகைக் கார்ட்ரிட்ஜ், 500 மில்லிகிராம் அளவு, ஒன்று ஐந்நூறு முதல் ஆயிரம் ரூபாய். ஒருமுறைதான் பயன்படும், காசைப் பார்த்து மறுமுறை பயன்படுத்தினால் முந்தைய மாதிரியின் மிச்சத்தையும் சேர்த்து அளப்பீர்கள். ஐந்து மில்லி மெத்தனால், ஐந்து மில்லி நீர் விட்டுத் தயார்செய்து, மாதிரியை நிமிடத்துக்கு 5 முதல் 10 மில்லிலிட்டர் வேகத்தில் இறக்குங்கள். ஒரு லிட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். வெற்றிடப் பம்பை முடுக்கி அரை மணியில் முடித்துவிடலாம். முடிவும் அதற்கேற்ப இருக்கும்.

பிறகு மீத்தூய நீரால் கழுவி உப்பை வெளியேற்ற வேண்டும். எவ்வளவு கழுவினால் போதும்? பிளஸ் டூ செய்முறைத் தேர்வை நினைத்துக்கொள்ளுங்கள்: கடைசியாக வடியும் நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட். வெள்ளையாகக் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. தெளிவாக நின்றால் அடுத்த படி. கார்ட்ரிட்ஜை நன்றாக உலரவிட்டு, எத்தில் அசிட்டேட்டால் சாற்றை இறக்குங்கள். காலியான பாட்டிலின் சுவரையும் அதே எத்தில் அசிட்டேட்டால் அலசிச் சேருங்கள். நைட்ரஜன் ஊதி மெல்ல வற்றவைத்து, 100 மைக்ரோலிட்டர் மெத்தனாலில் எடுங்கள். வற்றவைக்கும் மேசைக்கு மேலே நுரை மெத்தை போட்ட நாற்காலி, பழைய கணினி, தூசி படிந்த ஏசி இருக்கக் கூடாது. அறைத்தூசியில் தீத்தடுப்பான்கள் தாராளம்.

8. தங்கம்

சாதாரண ராமன் ஒளி மிக மங்கல். தங்க நுண்துகள்களோடு ஒட்டும் மூலக்கூறுகளின் ஒளி பல மடங்கு பெருகும். அந்தப் பெருக்கத்தை நம்பித்தான் இவ்வளவும். வெள்ளி இன்னும் பெருக்கும், ஆனால் சீக்கிரம் கெடும். பழகும்வரை தங்கம்.

ஒரு கிராம் தங்கக் குளோரைடு, பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். நகைக்கடை விலையோடு அதுவும் ஏறுவதால் விலைப்புள்ளி வாங்கிய வாரத்திலேயே ஆர்டர் போடுங்கள். குப்பியைத் திறந்ததும் ஈரத்தை உறிஞ்சிக் குழைந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நிறுக்கலாம் என்று நினைக்காதீர்கள். முழுவதையும் ஒரே மூச்சில் 100 மில்லி மீத்தூய நீரில் கரைத்து, இருட்டில் வையுங்கள். எஃகுக் கரண்டி படவே கூடாது, அரித்துத் தங்கத்தைக் கெடுத்துவிடும்.

ஒரு மில்லி இந்தக் கரைசல், 99 மில்லி நீர். கொதிக்கவிட்டு, ஒரு சதவீதச் சோடியம் சிட்ரேட் ஒரு மில்லியைச் சட்டென்று விடுங்கள். வெளிர்மஞ்சள் நீர் கருத்து, பிறகு மாதுளைச் சாறு போலச் சிவக்கும். ஒரு கிராமில் நூறு தடவை செய்யலாம் என்பதால், மொத்தத்தில் பார்த்தால் கார்ட்ரிட்ஜைவிட இது மலிவு. குடுவைகளை இராஜதிராவகத்தால் கழுவிய பிறகே பயன்படுத்துங்கள். புகை உறிஞ்சும் கூண்டுக்குள் (ஃபியூம் ஹூட்), முகக்கவசத்தோடு. மிச்சத்தை மூடிய பாட்டிலில் வைத்தால் வெடிக்கும். கூழ்மம் குளிர்பெட்டியில் சில வாரம் நிற்கும். உறைபெட்டியில் வைத்தால் மறுநாள் அடியில் கறுப்பு மண்டிதான். என்னுடைய முதல் லிட்டர் அப்படிப் போனது.

இரண்டாவது லிட்டர் கடல்நீரால் போனது. வடிகட்டிய கடல்நீரை நேரடியாக அதில் விட்டேன். சொட்டு விழுந்த இடத்திலிருந்து சிவப்பு ஊதாவாகி, ஊதா மழைமேகச் சாம்பலாகி, நான் மூடியைத் தேடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உப்பு துகள்களைக் கூட்டமாகத் திரளவைத்துவிடுகிறது. கொஞ்சம் திரள வேண்டும், பெருக்கம் அந்த இடைவெளிகளில்தான். ஆனால் அளவை நாம் தீர்மானிக்க வேண்டும். அதற்குத்தான் கணக்கிட்ட மக்னீசியம் சல்பேட்.

9. அளப்பது

ஒவ்வொரு நாளும் முதலில் பாலிஸ்டைரீன் தகடு: உச்சி 1001இல் நிற்கிறதா? சிலிக்கான் துண்டு இருந்தால் 520. நகர்ந்திருந்தால் அன்றைக்கு அளக்காதீர்கள்.

கூழ்மம், சாறு, மக்னீசியம் சல்பேட் கலந்து சரியாக இரண்டு நிமிடம். கலவை கொஞ்சம் அமிலமாக இருக்கட்டும். சிட்ரேட் போர்த்திய தங்கம் எதிர்மின்னேற்றம், காரத்தில் டிபிபிபிஏயும் எதிர்மின்னேற்றம், இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். சாதாரணக் கண்ணாடிச் சில்லில் துளியை வைக்க வேண்டாம், 785 லேசரில் கண்ணாடியே ஒளிர்ந்து அகன்ற மேடாக நிற்கும். சுட்ட அலுமினியத் தாளைக் கண்ணாடிமேல் இழுத்து ஒட்டினால் அதுவே நல்ல தளம். குழல்விளக்கை அணைத்து, கறுப்புத் துணி போர்த்துங்கள். லேசர் கண்ணாடி எல்லோருக்கும், எட்டிப் பார்க்க வந்தவருக்கும்.

துளி காய்ந்தால் ஓரத்தில் வளையம் கட்டும். ஈரமாக இருக்கும்போதே ஐந்து புள்ளிகளில் எடுங்கள். ஒரு புள்ளியில் மட்டும் வரும் அழகான உச்சியைக் குப்பை என்றே கருதுங்கள், காரணம் மேலே சொல்லியாயிற்று.

100 மைக்ரோலிட்டர் சாற்றில் ஐந்து அளவீடுகள்தான் முடியும். ஒன்று அப்படியே, மூன்று தெரிந்த அளவு டிபிபிபிஏ சேர்த்து, ஒன்று மீண்டும். தூய நீரில் போட்ட அளவுக்கோட்டை (செறிவுக்கு எதிரே உச்சியின் உயரம்) வைத்துக் கடல் மாதிரியைக் கணக்கிடாதீர்கள். சாற்றிலுள்ள மற்ற கரிமப் பொருட்கள் தங்கத்தில் இடம்பிடித்துக்கொண்டு உச்சியைக் குறைத்துவிடும். ஒப்பிட வேண்டிய உருவம், அதே கூழ்மத்தில் நீங்களே எடுத்த டிபிபிபிஏ நிறமாலை. தூளின் நிறமாலையிலிருந்து சில உச்சிகள் சற்று விலகியிருப்பது இயல்பு.

குறைந்தது ஏழு வெற்று மாதிரிகளின் சராசரியோடு திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டினால் உங்கள் கண்டறியும் எல்லை. விற்பனைத் தாளில் போட்டிருக்கும் எல்லை வேறு ஊரில், வேறு நீரில் எடுத்தது.

10. இரண்டாவது பாட்டில்

சல்லடையில் நின்ற மாதிரிகளின் ஜோடிப் பாட்டில்களையும், நிற்காதவற்றில் இரண்டையும், ஒரு வெற்றையும் திரவ நிறப்பிரிகை–நிறைமாலைமானிக்கு அனுப்புங்கள். அங்கேயும் ஏழு நாள் கெடு பொருந்தும். ஜோடிப் பாட்டில்களை உங்களுடையவற்றோடு சேர்த்தே சாறாக்கிக் குளிரில் வைத்திருந்தால் ஆய்வகத்தின் வரிசைக்குக் காத்திருக்கலாம். எங்களுக்கு ஒரு மாதிரிக்கு மூவாயிரம் ரூபாய் ஆனது, ஆறு வாரம் பிடித்தது. அனுப்பும்போது சாறு எந்தக் கரைப்பானில் இருக்கிறது, என்ன அமிலம் விட்டீர்கள் என்று எழுதுங்கள். எழுதாத சாறு ஒன்று எனக்குத் தொடப்படாமலே திரும்பி வந்தது.

அறிக்கையில் ‘டிபிபிபிஏ இல்லை’ என்று எழுதாதீர்கள். ‘கரைந்த நிலையில், லிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற கண்டறியும் எல்லைக்குக் கீழ்’ என்று எழுதுங்கள். வடிதாளில் தங்கியதை நாம் அளக்கவில்லை. ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்றும் எழுத வழியில்லை. இந்தியாவின் கடல்நீர்த் தர வகைப்பாட்டில் தீத்தடுப்பான்களுக்கு வரம்பே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் ஈதர் குடும்பத்துக்கு வைத்திருக்கும் உச்ச அளவு கடல்நீரில் லிட்டருக்கு 0.014 மைக்ரோகிராம், அதை டிபிபிபிஏயோடு ஒப்பிட்டு அட்டவணை போட்ட என் முதல் வரைவை என் ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியர் சிவப்பு மையால் அடித்தார்.

படகோட்டி அண்ணன் கடைசிப் பயணத்தன்று கேட்டார், “அப்படியானால் இங்கே பிடித்த மீனைச் சாப்பிடலாமா?” உங்களிடமும் கேட்பார்கள். நீரை அளந்த முடிவிலிருந்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. மீனின் சதையையும் கொழுப்பையும் தனியாக அளக்க வேண்டும், அது வேறு முறை. நான் அதை அப்படியே சொன்னேன். அவர் அடுத்த வாரத்திலிருந்து ஐஸ் பெட்டியில் இரண்டு மடவை மீன் எடுத்துவைக்கத் தொடங்கினார், சோதிக்க. அலுமினியத் தாளில் சுற்றி உறைபெட்டியில் வைத்திருக்கிறேன்.